அக்கா கொடுத்த பிராது

மதுவிலக்கு இருந்த காலத்தில் எங்கள் ஊரில் யாரும் குடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்படித்தான் ஆரம்பித்தார். "அப்பல்லாம் விருத்தாசலத்துல ஒரு சொட்டு கெடைக்காதும்மா. சனங்க ஒழுக்கமா இருந்தாங்க" என்றார். பாயசம் ஊற்ற வந்தவனிடம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சண்டை போட அது இடமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் அடங்காததால் இதை எழுதுகிறேன்.

ஒழுக்கமாம், ஒழுக்கம். வசதியானவர்கள் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, உடம்புக்கு மருந்து என்று சொல்லி, பர்மிட் எடுத்துக்கொண்டு கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து குடித்தார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் மணிமுத்தாற்றங்கரை முள்ளுக்காட்டில் காய்ச்சியதைக் குடித்தார்கள். போலீஸ் கெடுபிடியில் அதுவும் கிடைக்காத நாட்களில் எங்கள் பீங்கான் கம்பெனி ஆட்கள் வார்னிஷைக் குடித்தார்கள்.

பீங்கான் வேலைக்கு வார்னிஷ் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கப்பு, பொம்மை எல்லாம் பிளாஸ்டர் அச்சில்தான் வார்ப்பது. களிமண் கூழை அச்சுக்குள் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உட்பக்கத்தில் கப்பு படிந்து நிற்கும். அந்த அச்சைச் செய்வதற்கு முதலில் ஒரு மாதிரி வேண்டும். மாதிரியும் அச்சும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள். அதற்குப் பெயர்தான் வார்னிஷ். அதில் உப்பை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் அரக்கு பிசின் மாதிரி திரண்டு வரும். அதை எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை, சுட்டு எடுத்து இன்னும் மெருகு போடாத கிண்ணத்தில் ஊற்றிக் கசியவிட்டு, கீழே ஒரு பாத்திரத்தில் பிடிப்பார்கள். குடிதண்ணீரை அப்படித்தானே வடிகட்டுகிறோம், கலங்கின ஏரித்தண்ணீரே கண்ணாடி மாதிரி வருகிறதே, இதில் இருக்கிற விஷம் மட்டும் எப்படித் தாண்டி வரும் என்பது அவர்கள் கேள்வி. பீங்கானோடு புழங்காத ஊர்க்காரனுக்கு இப்படி ஒரு தைரியம் வந்திருக்காது.

என் அக்கா புருஷன் அந்தக் கம்பெனியில் அச்சுக்காரர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில்தான் நான் இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தும் வேறு வேலை கிடைக்காமல் அதே கம்பெனியில் கப்புக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமா குடித்துவிட்டு வந்தால் அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பார். அக்காவிடம், என்னிடம், எதிர்வீட்டு வாசலில் கட்டியிருக்கும் ஆட்டிடம். தெருவே சிரிக்கும். காலையில் கை நடுங்கும். நடுங்குகிற கையால் மாதிரியைச் செதுக்கினால் மூக்கு கோணலான பொம்மைதான் வரும். முதலாளி இரண்டு முறை எச்சரித்துவிட்டார். அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், ஒருமுறை விளக்குமாற்றையும் எடுத்துப் பார்த்தாள். மாமா விளக்குமாற்றிடமும் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் அக்கா பிராது கொடுக்கப் போனாள். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஊருக்கு மேற்கே இருக்கும் முருகன் கோயிலில், கோர்ட்டில் மனுப் போடுகிற மாதிரி, இன்னாருடைய மனைவி, இன்ன ஊர், எனக்கு இன்ன குறை, நீதான் கேட்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குருக்கள் அதைச் சாமி காலடியில் வைத்துத் திருநீறோடு மடித்துத் தருவார். அதைக் கொண்டுபோய் முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். நகை திருடினவன், வரப்பைத் தள்ளிப் போட்டவன், பெண்ணைக் கட்டிக்கொண்டு கைவிட்டவன் என்று எல்லார் மேலும் பிராது உண்டு. குறை தீர்ந்ததும் மறுபடி போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் படியேற நடுங்குகிற சனங்கள் இங்கே தைரியமாகப் போவார்கள்.

அக்கா ஐந்தாவதுதான் படித்தவள். ஆனாலும் எழுதுகிற வேலையை என்னிடம் தரவில்லை. தன் கையாலேயே எழுதினாள். "என் வூட்டுக்காரரு குடிய நிறுத்தணும். மீறிக் குடிச்சா நீயே கேட்டுக்க." அவ்வளவுதான். எங்கள் பேச்சில் சாமி கேட்பது என்றால் தண்டிப்பது என்று அர்த்தம். ஆத்திரத்தில் தாய் பிள்ளையைச் சொல்வது மாதிரிதான் அவளும் எழுதினாள். என்ன தண்டனை என்றெல்லாம் அவள் யோசிக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னாள். "ஒங்க மேல பிராது குடுத்துட்டு வந்துட்டன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தட்டில் கையை வைத்தபடியே அவளைப் பார்த்தார். "யாரு மேலயோ குடுக்கறத என் மேலயே குடுத்துட்டியா?" என்றார். பிறகு சாப்பிடவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றோடு நிறுத்திவிட்டார். முதலில் சில நாட்கள் தூங்காமல் வியர்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் ஆள் தெளிந்துவிட்டார். கை நடுக்கம் போயிற்று. அவர் செதுக்கிய பிள்ளையார் பொம்மையைக் கடலூரிலிருந்து வந்த வியாபாரி கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். சாயங்காலம் அக்காவுக்குப் பூ வாங்கி வந்தார். அந்தச் சில மாதங்கள் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் இருவரும் சினிமாவுக்குப் போனால் நான் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். அக்கா அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அன்றைக்குச் சூளையை அணைத்துவிடுவார்கள். அச்சு, சல்லடை, கத்தி, களிமண் அரைக்கிற உருளை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். புதிதாக வந்திருந்த ஸ்பிரிட் டின்னுக்கும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பெண்கள் எல்லாரும் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமாவும், சூளைக்கு விறகு தள்ளுகிற அவருடைய கூட்டாளியும் அங்கேயே இருந்துவிட்டார்கள். அந்தக் கூட்டாளிக்குக் கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பன் இல்லை, உறவு என்று யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. புது டின்னைத் திறந்தது அவர்தான். ஒரே ஒரு வாய் என்று மாமா உட்கார்ந்தார். எத்தனை மாதத்துப் பசியோ, ஒரு வாயோடு நிற்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அலுப்பாக இருக்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். சுண்டல் கெட்டுப்போயிருக்கும் என்று அக்கா சுக்குத் தண்ணீர் வைத்தாள். அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏண்டி, வூடெல்லாம் ஒரே பொகையா இருக்குது? சூளைய மூட்டிட்டாங்களா?"

சூளை அணைந்து கிடந்தது. தெருவில் ஒரு அடுப்புப் புகைகூட இல்லை. அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து குடிச்சீங்களா?" என்று கேட்டாள். மாமா அவள் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். அக்கா போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. "சாமி கேட்டுடுச்சே! நாந்தானே கேக்கச் சொன்னன்! நாந்தானே எழுதிக் குடுத்தன்!"

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்கா, எழுந்திரு" என்றேன் நான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்கு எழுதிடுவாங்க. உள்ள வச்சிடுவாங்க, வேலயும் போயிடும்" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "அது கூடக் கெடக்கட்டும். சாமி எடுத்த கண்ண டாக்டரு எப்படிடி திருப்பிக் குடுப்பாரு? பிராது குடுத்தவ நானு. நாந்தான் வாபஸ் வாங்கணும்."

"வாபஸ்ஸ நாளைக்கு வாங்கிக்கக் கூடாதா? சாமி எங்க போயிடப் போவுது?"

நான் இப்படிச் சொன்னதும் தெருப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பத்து எழுத்துப் படித்துவிட்டால் வாய் இப்படித்தான் நீளும் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். மாமாவும் அக்கா பக்கம்தான். "தப்பு பண்ணவன் நானு. மொதல்ல அங்க இட்டுக்கிட்டுப் போங்க" என்றார். மூன்று தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருந்தது. நாங்கள் ஊருக்கு வெளியே போகிற சாலையில் ஜட்கா வண்டி பிடித்தோம். வண்டிக்காரர் மங்கலம்பேட்டை பாய் ஒருத்தர். மாமாவை ஏற்றிவிடும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒடம்பு சொகமில்லாத மாதிரி இருக்காரு. ஆஸ்பத்திரிப் பக்கம் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு என்னைத் தவிர அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அக்கா வேண்டாம் என்றாள்.

கோயிலில் கூட்டம் அலைமோதியது. பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிக்க ஊர் ஊராக வந்திருந்தார்கள். கம்மாபுரத்துப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். எல்லாரையும் போலத்தான் நாங்களும் காத்திருக்க வேண்டியிருந்தது. மாமா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓடிவந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். வெயில் ஏறி இறங்கியது. வரிசையில் அக்கா நின்றாள். நான் மாமாவுக்குத் தண்ணீர் கொடுப்பதும், அக்காவிடம் போய்ப் போகலாம் என்று கெஞ்சுவதுமாக அலைந்தேன். கடைசியில் எங்கள் முறை வந்தது. வாபஸ் வாங்கியாயிற்று. சூடத் தட்டை மாமாவுக்கு நேராக நீட்டினார்கள். மாமா கையை வேறு பக்கம் நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தீபத்தின் மேல் வைத்தாள். சூடு பட்டும் மாமா கையை எடுக்கவில்லை. "செத்தாலும் இனிமே தொட மாட்டன், இது சத்தியம்" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

வெளியே வந்து நாலு அடி வைப்பதற்குள் விழுந்துவிட்டார். அதே ஜட்காக்காரர் காத்திருந்தார். இந்த முறை அவர் யாரையும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு இளம் டாக்டர் புதிதாக வந்திருந்தார். மாமாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன குடிச்சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடிக்கலீங்க. சுண்டல் சாப்ட்டாரு" என்றாள் அக்கா.

"வார்னிஷ் கரைக்கிற ஸ்பிரிட்டு. நேத்து மத்தியானம்" என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் யாருக்கும் எழுதப் போறதில்லம்மா. நல்லாக் கேளுங்க. ஸ்பிரிட்ல இருக்கிற ஒரு சரக்கு உடம்புக்குள்ள போனப்புறம்தான் விஷமா மாறுது. எத்தனை தடவை வடிகட்டினாலும் அது போகாது. ஒரு டின்னுல கம்மியா இருக்கும், இன்னொரு டின்னுல ஆளையே கொல்ற அளவு இருக்கும். நல்ல பிராந்தி உள்ள இருந்தா உடம்பு அதைத்தான் முதல்ல எடுத்துக்கும். அதுக்குள்ள இது விஷமாகாம வெளிய போயிடும். அதனால இவருக்கு இப்ப பிராந்தி குடுக்கணும். நேத்தே, இன்னைக்குக் காலையிலயாவது வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிராந்திக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் தீர்ந்து போயிருந்தது. ஊரில் பர்மிட் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்கு டாக்டர் ஆள் அனுப்பினார். பாதி பாட்டில் வந்தது. தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் இங்கேயும் பெயர் இல்லை.

டாக்டர் அளந்து ஊற்றி, தண்ணீர் கலந்து, அக்கா கையில் டம்ளரைக் கொடுத்தார். அக்கா அதை மாமா வாயருகே கொண்டுபோனாள். வாசனை பட்டதும் மாமா வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குடிங்க. மருந்து."

"மருந்தில்ல இது. என்னான்னு எனக்குத் தெரியும்."

"டாக்டருதான் குடுக்கச் சொல்றாரு. குடிங்க."

"இப்பதான்டி சத்தியம் பண்ணன். தீபத்துல கை வச்சுப் பண்ணன். ஒருவாட்டி மீறனதுக்கே கண்ண எடுத்துக்கிச்சு. மறுபடி மீறச் சொல்றியா? இன்னும் என்னாத்த எடுக்கும்? ஒன்ன எடுத்துட்டா?"

அக்கா டம்ளரை வைத்துக்கொண்டு அவர் காலைப் பிடித்தாள். "அந்தச் சத்தியத்த நான் வாங்கிக்கறன். என் தலமேல போட்டுடுங்க. எது வந்தாலும் எனக்கு வரட்டும். நாந்தான் சொல்றன், குடிங்க. ஒங்க கால்ல வுழுந்து கேக்கறன், குடிங்க." எத்தனை ராத்திரி குடிக்காதே என்று அந்தக் காலைப் பிடித்தவள் அவள். பக்கத்துக் கட்டிலில் காலொடிந்து கிடந்த ஒரு ஆள், "குடுத்து வச்ச மனுசன்யா, பொண்டாட்டியே ஊத்திக் குடுக்குது" என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் அவன் இன்னொரு காலையும் ஒடித்திருப்பேன். நர்ஸ் அதட்டி வாயை மூட வைத்தாள். மாமா அழுதுகொண்டே குடித்தார். அக்காவும் அழுதுகொண்டேதான் ஊற்றினாள். நாலைந்து நாள் அப்படி அளந்து அளந்து கொடுத்தார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். உயிர் பிழைத்தது. பார்வை திரும்பவில்லை. பகலா இரவா என்று மட்டும் தெரியும்.

டின்னைத் திறந்த கூட்டாளி, அந்தச் சூளைக்காரர், என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆயுத பூஜையன்று கம்பெனியிலிருந்து கிளம்பியவர் நேராக ஆற்றங்கரைக்குப் போய்ச் சாராயம் குடித்திருக்கிறார். ராத்திரியும் குடித்திருக்கிறார், மறுநாளும் குடித்திருக்கிறார். செய்தி கேட்டு நாற்றத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். டாக்டர் அவரை உட்காரவைத்துச் சோதித்தார். கண் பளிச்சென்று இருந்தது. சாராயம் உள்ளே இருந்துகொண்டே இருந்ததால் விஷம் ஏற இடமில்லாமல் போய்விட்டது என்றார் டாக்டர். அதாவது, ஒரே டின்னில் குடித்த இருவரில் குடியை விடாதவன் தப்பித்தான், பயந்து வீட்டுக்கு வந்து படுத்தவனுக்குக் கண் போயிற்று. அந்தக் கூட்டாளி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு யார் மேலோ வந்தது. யார் மேல் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் இதை அப்படியே விடவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள், வராமலே எத்தனை பேர் பார்வை மங்கிப் போனார்கள் என்று வீடு வீடாக விசாரிக்க ஆசைப்பட்டார். காரணம் தெரிந்தால்தான் தடுக்க முடியும் என்றார். அவர் போய் நின்றால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் என்னைக் கூப்பிட்டார். வேலை விட்டதும் நான் போனேன். "எங்க வூட்டுல அந்தப் பழக்கமே இல்ல" என்பாள் ஒருத்தி. அவளுக்குப் பின்னாலேயே புருஷன் சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்குப் போவான். நான் அவளோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போடுவேன். முறம் நிறைகிற நேரத்தில் அவளே வாயைத் திறப்பாள். போலீசுக்குப் பயந்தோம் என்பாள் ஒருத்தி. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பாள் இன்னொருத்தி. செய்வினை என்று மந்திரிக்கப் போனவர்கள் உண்டு. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று ஒரு வீட்டில்கூட எனக்குச் சொல்லவில்லை.

டாக்டர் கேட்டது இரண்டே விஷயம். வடிகட்டினால் விஷம் போகாது என்று ஒவ்வொரு கம்பெனியிலும் சொல்ல வேண்டும். தவறிக் குடித்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், போலீசுக்குச் சொல்ல மாட்டோம் என்று தண்டோரா போட வேண்டும். இதற்கு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். பெண்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. நான் வாசல் ஓரமாக நின்றேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பாதி பாட்டில் பெரிய மனிதர்.

"குடிச்சுட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்னு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியே கூப்புடறதா? நல்லா இருக்குது டாக்டர் நியாயம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"குடிக்காதீங்கன்னுதான் நானும் சொல்றேன். குடிச்சவனைக் குருடாக்க வேண்டாம்னும் சேத்துச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"நாலு பேருக்குக் கண்ணு போனாத்தான் மத்தவன் பயப்படுவான்" என்றார் அந்தப் பெரிய மனிதர். அவர் வீட்டில் அன்று சாயங்காலமும் பாட்டில் திறந்திருக்கும். கூட்டம் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தது. கொஞ்ச நாளில் டாக்டருக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவை உட்காரவைத்து, இது சாமி செய்ததில்லை, ஸ்பிரிட் செய்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் சேகரித்ததை எல்லாம் அவர் எங்காவது எழுதினாரா, யாராவது படித்தார்களா, எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் ஆரம்பத்தில் மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக் கடையைத் திறந்தார்கள். வார்னிஷை யாரும் சீண்டவில்லை, அதனால் புதிதாக யாருக்கும் பார்வை போகவில்லை. ஆனால் கம்பெனி விட்டதும் ஆண்கள் நேராகக் கடைக்குப் போனார்கள். வேறு விதமான அழுகை தெருவில் கேட்டது. சூளைக்காரர் தினமும் மாமாவிடம் வந்து ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். கொள்ளி வைக்க ஆளில்லை. கம்பெனி ஆட்கள்தான் எடுத்துப் போட்டோம். அப்புறம் சில வருஷத்திலேயே மறுபடி மதுவிலக்கு என்று கடைகளை மூடிவிட்டார்கள். மூடின கொஞ்ச நாளில் அச்சுப் பகுதியில் மறுபடி வார்னிஷில் போடுகிற உப்புப் பொட்டலம் கண்ணில் பட்டது. நான் பார்த்தவர்களிடமெல்லாம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கப்புக்குக் காது ஒட்டுகிறவள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம், அடுத்த தெருவிலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு பெண் அக்காவைத் தேடி வந்தாள். கையில் வெள்ளைக் காகிதம் வைத்திருந்தாள். அவள் புருஷனும் கம்பெனியில் சேர்ந்து குடிக்க ஆரம்பித்திருந்தான்.

"அக்கா, ஒங்க பிராதுக்குத்தான் சாமி ஒடனே கேட்டுச்சுன்னு சொன்னாங்க. எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுங்க" என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பிராதும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவன் வார்னிஷக் குடிச்சுட்டு வந்தான்னா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டு ஓடு" என்று கத்தினேன். சாமி கேட்கவில்லை, விஷம்தான் கேட்டது, பிராந்தி, சாராயம், சூளைக்காரர் கதை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா சிரித்தார். எனக்காகப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். "கொழுந்தியா சொல்றதும் சரிதான?" என்றார். "நானும் சூளைக்காரனும் ஒரே டின்னுல குடிச்சம். சாமின்னா ரெண்டு பேரையும்ல கேட்டிருக்கணும்? அவன மட்டும் ஏன் வுட்டுடுச்சு?"

இத்தனை வருஷத்தில் நான் அக்காவிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்ததைவிட அது நல்ல கேள்வி. இதற்கு அவளால் பதில் சொல்ல முடியாது, இன்றைக்காவது அந்தப் பாரத்தை இறக்கி வைப்பாள் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா முறத்தை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"அவுருக்காகப் பிராது குடுக்க யாரு இருந்தாங்க?" என்றாள்.